கடைமடை வரை எண்ணெய்

கோயமுத்தூருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் மோட்டார்ப் பந்தயப் பாதை ஒன்று இருக்கிறது. 2003-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்தப் பாதையின் நீளம் இரண்டு கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். அதற்குக் கரிவரதன் என்பாரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மாருதி 800 காரின் சிறிய எஞ்சினை வைத்துக்கொண்டு, இளைஞர்களின் கைக்கெட்டும் செலவில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டிக் காட்டியவர் அவர். 1995-இல் விமான விபத்தொன்றில் காலமானார். 2005-ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரரே. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டியே இயந்திர ஞானம் பெற்றார் என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்.

இப்படிப்பட்ட ஊரில், பழைய பந்தய வண்டி ஒன்றை வாங்கி அதன் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இளைஞர்கள் ஆசைப்படுவதில் வியப்பில்லை. கிராங்க் கடைவதற்குப் பட்டறை உண்டு. சிலிண்டர் துளைப்பதற்கு ஆள் உண்டு. பம்புகளுக்காக வளர்ந்த வார்ப்படத் தொழிலும் லேத்துத் தொழிலும் எந்த வேலைக்கும் துணை நிற்கின்றன. ஆனால் பிஸ்டனையும் வால்வையும் கவனிக்கும் அளவுக்கு நம்மவர்கள் எண்ணெயின் ஓட்டத்தைக் கவனிப்பதில்லை. நானும் அப்படி இருந்தவன்தான். அந்த அசிரத்தை மூன்று இளைஞர்களின் ஓராண்டுச் சேமிப்பை விழுங்கிவிட்டது. அந்தக் கதையைச் சொல்லுமுன், எஞ்சினுக்குள் எண்ணெய் செய்யும் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம்.

எண்ணெய் எதற்கு என்று கேட்டால், வழுக்குவதற்கு என்று உடனே விடை சொல்வீர்கள். அது பாதி விடையே. மீதிப் பாதியை 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற எஞ்சினீயர் தற்செயலாகக் கண்டார். ரயில் வண்டிகளில் இருப்பது போன்ற ஒரு சுழலும் தண்டையும், அதன்மேல் பாரத்தோடு அமர்ந்த பேரிங்கையும் வைத்து அவர் சோதனை செய்துகொண்டிருந்தார். தண்டின் அடிப்பாகம் எண்ணெயில் தோய்ந்திருந்தது. எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். உள்ளே போகவேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே பொங்கி வழிந்தது! தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மரமுளையை அடித்து இறுக்கினார். அதுவும் வெளியே வந்தது. பிறகு சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அழுத்தமானி ஒன்றைத் திருகி வைத்துப் பார்த்தார். முள் அந்த எல்லையையும் தாண்டிச் சென்றது. பேரிங்கின்மேல் அவர் ஏற்றியிருந்த பாரமோ சராசரியில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

இதன் பொருள் என்ன? தண்டு சுழலும்போது தன்மேல் ஒட்டிய எண்ணெயைத் தானே இழுத்துச் சென்று, குறுகலான இடுக்கில் ஆப்புப் போலச் செருகுகிறது. அந்த எண்ணெய் ஆப்பு தண்டைத் தூக்கிப் பிடிக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். உங்கள் வீட்டு ஸ்கூட்டி முதல் பந்தய வண்டி வரை எல்லாவற்றிலும் எண்ணெய்க்கு வேலை உண்டென்றாலும், கார் எஞ்சினின் கிராங்க் தண்டு முழுக்க முழுக்க இந்த ஆப்பை நம்பியே மிதக்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே விடப்படும் இடைவெளி சிறிய கார்களில் ஏறக்குறைய 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர்; நம் தலைமுடி ஒன்றின் பருமனைவிடக் குறைவு. நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்று சுழலும் தண்டு அந்த இடுக்கில்தான் வாழ்கிறது.

ஆகவே தண்டைத் தாங்குவது ஆயில் பம்பு தரும் அழுத்தம் அன்று. தண்டின் சுழற்சியில் பிறக்கும் அழுத்தமே. பம்பின் கடமை வேறு. ஒவ்வொரு பேரிங்கிலும் ஓரமாகக் கசிந்து போகும் எண்ணெய்க்கு ஈடாகப் புது எண்ணெயை, சுத்தமாகவும் இடைவிடாமலும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் கடமை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எண்ணெய் போகும் வழியை விளங்கவைக்கக் கொங்கு நாட்டிலேயே நல்ல உவமை இருக்கிறது. 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ இருநூறு கிலோ மீட்டர் ஓடுகிறது. தலைமடையில் இருப்பவர் தம் மதகை அளவுக்கு மீறித் திறந்துகொண்டால் கடைமடைக்காரரின் வயல் காயும். எஞ்சினிலும் இதுவே நிலைமை. அடியில் உள்ள தொட்டியிலிருந்து சல்லடை வழியாகப் பம்பு எண்ணெயை உறிஞ்சுகிறது. வடிகட்டி வழியாகப் பிரதான வாய்க்காலுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து நான்கு சிலிண்டர் எஞ்சினாயின் ஐந்து பிரதான பேரிங்குகளுக்குக் கிளைகள் பிரிகின்றன. பிரதான பேரிங்குக்கு வந்த எண்ணெய், கிராங்க் தண்டுக்குள்ளேயே துளைத்திருக்கும் சாய்ந்த துளைகளின் வழியே கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்குச் செல்கிறது. இன்னொரு கிளை மேலே ஏறிக் கேம் தண்டுக்கும் ராக்கர்களுக்கும் போகிறது. ராடு பேரிங்குகளும் மேல் மாடியின் கடைசி ராக்கருமே எஞ்சினின் கடைமடை.

ஒரு பேரிங்கின் இடைவெளி இரண்டு மடங்கானால் அதில் கசிவு எத்தனை மடங்காகும்? இரண்டு என்று சொல்லத் தோன்றும். உண்மையில் எட்டு மடங்கு. இடைவெளியின் கனத்துக்கு, அதாவது அதை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு ஏற்ப, கசிவு கூடுகிறது. ஆகவே தேய்ந்த பேரிங் ஒன்றிருந்தால் அது தன்னை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. தலைமடையில் உடைந்த மதகைப் போல மற்றவற்றின் பங்கையும் வடித்துவிடுகிறது. “அடிக்கிற ராட்டுக்கு மட்டும் பேரிங் மாற்றினால் போதாதா?” என்று கேட்கிற சிக்கனக்காரர்களுக்கு இதுவே பதில்.

அழுத்தமானி காட்டுவது என்ன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது வாய்க்காலில் நிற்கும் அழுத்தத்தைக் காட்டுகிறது. பம்பு அனுப்பும் எண்ணெய்க்கு வழியில் ஏற்படும் தடைதான் அழுத்தம். எண்ணெய் குளிர்ந்து குழம்பாக இருந்தால் தடை அதிகம்; முள் ஏறும். சூடாகி இளகினால் முள் இறங்கும். மானிக்கு அப்பால் வாய்க்கால் அடைத்துக்கொண்டாலும் முள் ஏறவே செய்யும். அப்போது கடைமடைக்கு ஒரு சொட்டும் போகாது. பந்தய எஞ்சின் பிரிப்பவர்கள், ஆயிரம் சுற்றுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ அழுத்தம் இருக்கவேண்டும் என்று ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். நல்ல வாய்ப்பாடுதான். ஆனால் முள் நின்ற இடம் சரியாக இருப்பதனாலேயே எஞ்சின் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாகாது.

சிலர் அழுத்தம் குறைந்தால் உடனே பம்பிலுள்ள ரிலீப் வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்குகிறார்கள். இது வேடிக்கையான வைத்தியம். அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்தை வெளியே விடுவதே அந்த வால்வின் வேலை. குறைந்த சுற்றில், சூடான எண்ணெயில், அந்த வால்வு மூடியேதான் இருக்கும். மூடியிருக்கும் கதவை இன்னும் இறுக்கி மூடுவதால் என்ன பயன்? கசிவு பேரிங்கில் இருக்க, ஸ்பிரிங்கை நோவதா?

இனி என் கதைக்கு வருகிறேன்.

என்னிடம் முன்பு பயின்ற மாணவர் மூவர், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு சேர்த்த பணத்தைக் கொண்டு, 1300 சி.சி. எஞ்சின் பூட்டிய பழைய ஒற்றை இருக்கை வண்டி ஒன்றை வாங்கினார்கள். விலை மலிவு, ஏனெனில் எஞ்சின் ‘ராடு அடித்து’ நின்றுபோன வண்டி அது. ஒரு ராடு பேரிங் தேய்ந்து, தன் இருக்கையிலேயே சுழன்று, கிராங்கையும் கீறிவிட்டிருந்தது. அதைப் புதுப்பிக்க என் மேற்பார்வையை நாடினார்கள். ஆறு வார காலம் மாலை நேரங்களில் வேலை நடந்தது. கிராங்கை 0.25 மில்லிமீட்டர் குறைத்துக் கடைந்தோம். அதற்கேற்ற பேரிங்குகள், புது ஆயில் பம்பு, புது ரிங்குகள் வாங்கினோம். இடைவெளிகளை ஒவ்வொன்றாக அளந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்தோம்.

இந்த வண்டியில் எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஒன்று பக்கவாட்டில் இருந்தது. ரேடியேட்டரைப் போன்ற சிறு பெட்டி. பார்வைக்கு நன்றாகவே இருந்தது. புதிதாக வாங்கினால் செலவு. “பழைய கூலரையே கழுவிப் போட்டாப் போதுங்களா, சார்?” என்று ஒரு பையன் கேட்டான். நான் அதைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, காற்றடித்துப் போடச் சொன்னேன். அப்படியே செய்தார்கள். ஆசிரியர் சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்?

எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. அழுத்தம் நான்கு கிலோ. மானியின் முள்ளைப் பார்த்துப் பார்த்து நாங்கள் அடைந்த பெருமிதத்துக்கு அளவில்லை. செட்டிபாளையத்தில் ஒரு நாள் ஓடுபாதையை வாடகைக்கு எடுத்து ஓட்டினோம். முதலில் மெல்ல, பிறகு வேகமாக. பதினோராவது சுற்றில், நேர்பாதையின் முடிவில், வண்டிக்குள்ளிருந்து சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை கேட்டது. ஓட்டிய பையன் புத்திசாலி. உடனே எஞ்சினை நிறுத்தி ஓரங்கட்டினான். இன்னும் அரை நிமிஷம் ஓட்டியிருந்தால் ராடு ஒடிந்து, எஞ்சினின் சுவரைப் பிளந்து, கொதிக்கும் எண்ணெய் பின்சக்கரங்களின்மேல் கொட்டியிருக்கும். அந்த வேகத்தில் அதன் விளைவு என்னவாகும் என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. ஓசை கேட்கும்வரை மானியின் முள் நான்கு கிலோவிலேயே நின்றது என்று அவன் சொன்னான்.

மறுநாள் பிரித்தோம். ஒரு ராடு பேரிங் அழிந்திருந்தது. மற்ற பேரிங்குகளிலும் உழவு சால் போல நீளக் கோடுகள். பேரிங்கின் மேற்பரப்பு மெதுவான உலோகம். சிறு தூசியை அது தனக்குள் புதைத்துக்கொண்டு தண்டைக் காப்பாற்றும்படி அமைத்திருக்கிறார்கள். உருப்பெருக்கியில் பார்த்தபோது அந்தக் கோடுகளின் முனையில் மினுமினுக்கும் துணுக்குகள் புதைந்திருந்தன. அவை எங்கிருந்து வந்தன? வடிகட்டியின் தகர உறையை வெட்டி, உள்ளிருக்கும் காகித மடிப்புகளை வெயிலில் விரித்துப் பார்த்தோம். சுத்தமாகவே இருந்தது. துணுக்குகள் வடிகட்டிக்கு முன்னால் இல்லை என்றால், பின்னால் இருக்கவேண்டும். எங்கள் வண்டியின் குழாய் அமைப்பில் வடிகட்டிக்குப் பின்னால் இருந்தது ஒன்றே ஒன்று: அந்தக் கூலர்.

கூலரை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தோம். அதன் தட்டையான குழாய்களுக்குள் எண்ணெயைக் கலக்கிவிடுவதற்காக நெளிநெளியான தகடுகள் வைத்திருக்கிறார்கள். அந்த நெளிவுகளிலெல்லாம் சேற்றோடு சேர்ந்து பழைய பேரிங்கின் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயும் காற்றும் அதை அசைக்கவில்லை; சூடான எண்ணெய் நிமிஷத்துக்குப் பல லிட்டர் வேகத்தில் பாய்ந்தபோது அது கரைந்து நேரே புது பேரிங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் எஞ்சின் இறந்தபோது அதன் பேரிங்கிலிருந்து உலோகம் தேய்ந்ததே, அந்த உலோகம் எங்கே போயிற்று? ஆறு வார காலத்தில் எங்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவன் நான்.

நீங்கள் பழைய எஞ்சின் ஒன்றைப் பிரிக்க நேர்ந்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். உலோகம் கூலரில் இருக்கலாம். கூலருக்குப் போகும் ரப்பர்க் குழாய்களில் இருக்கலாம். கிராங்கின் சாய்ந்த துளைகளில், சுழற்சியின் வேகத்தால் ஒதுக்கப்பட்டு, பிசின் போல இறுகி இருக்கலாம். பேரிங் அழிந்து நின்ற எஞ்சினின் கூலரைத் திரும்பப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுவதே மலிவு என்பது என் முடிவு. இதில் என்னோடு மாறுபடுகிற மிஸ்திரிகள் இருக்கிறார்கள். அவர்கள் கூலரை அறுத்துப் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை வேலை தொடங்கியபோது நான் மேற்பார்வையாளன் என்ற பதவியை விட்டு, கிராங்க் கடையும் முதிய மிஸ்திரி ஒருவரிடம் மாணவனாகச் சேர்ந்தேன். அவர் கீழ்பவானியின் கடைமடைப் பகுதியில் பிறந்தவர். மேலே நான் சொன்ன உவமை அவருடையதே. பிளாக்கைப் பார்த்தவுடன், “வாய்க்காலைத் தூர் வாரினீங்களா?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பிரதான வாய்க்காலின் இரு முனைகளிலும் திருகி வைத்திருக்கும் அடைப்பான்களை அவர் கழற்றிக் காட்டினார். தொழிற்சாலையில் துளை போடுவதற்காக விட்ட வழியை அடைப்பதற்கு வைத்தவை அவை. அவற்றைக் கழற்றாமல் எத்தனை முறை கழுவினாலும் முட்டுச்சந்தில் அழுக்கு நின்றுவிடும். நீளமான பிரஷ்ஷை உள்ளே விட்டு, வெந்நீரும் சோப்பும் கொண்டு அவர் தேய்த்தபோது கறுப்பாக வந்த சேற்றைப் பார்த்து நான் தலைகுனிந்தேன். மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைக்கும். துகளைத் தூக்கிச் செல்வது சோப்பு நுரையே என்றார். கழுவியதும் காற்றடித்து, உடனே எண்ணெய் பூசிவிடவேண்டும். இல்லையேல் சிறிது நேரத்திலேயே துரு பூத்துவிடும்.

துடைப்பதற்கு நாங்கள் வைத்திருந்த திருப்பூர்ப் பனியன் வேஸ்டை அவர் தூர எறிந்தார். அதிலிருந்து உதிரும் நூல் எண்ணெய்ச் சல்லடையில் வலை பின்னுமாம். அதைப் போலவே அபாயமானது, தொட்டியைப் பூட்டும்போது தடவும் சிலிக்கான் பசை. கூடுதலாகத் தடவினால் கூடுதலாக ஒட்டும் என்று எண்ணி அப்புகிறோம். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கி, புழுப்போல உலர்ந்து தொங்குவது தெரிவதில்லை. அது ஒரு நாள் அறுந்து விழுந்து சல்லடையின் வாயை அடைக்கும். தீக்குச்சியின் கனத்துக்கும் குறைவான ஒரு கோடு போதும்.

சல்லடை வரை வந்துவிட்டோம். உறிஞ்சும் பக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். இதைக் கிணற்றடியில் வளர்ந்த பிள்ளைகள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். கிணற்று மோட்டார் பம்பின் புட் வால்வு கசிந்தாலோ, உறிஞ்சு குழாயின் இணைப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தாலோ பம்பு காற்றை இழுக்கும், தண்ணீர் ஏறாது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாததால் குற்றம் கண்ணில் படாது. ஆயில் பம்பின் உறிஞ்சு குழாயிலும் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. இருபது ரூபாய்ச் சாமான் என்று அதைப் பழையதாகவே விட்டுவிட்டால், அது காய்ந்து வெடித்து, எண்ணெயோடு காற்றுக் குமிழிகளையும் அனுப்பும். காற்றை நசுக்கலாம், எண்ணெயை நசுக்க முடியாது. குமிழி வந்த இடத்தில் ஆப்பு உடைகிறது.

பந்தய வண்டிக்கு இதற்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டு விசை புவியீர்ப்பு விசைக்குச் சமமாகிவிட்டால், தொட்டியிலுள்ள எண்ணெயின் மட்டம் 45 பாகை சாய்ந்துவிடும். குடத்துத் தண்ணீரோடு பஸ்ஸில் போனவர்களுக்கு இது தெரியும். எண்ணெய் ஒரு மூலையில் சுவரேறி நிற்க, நடுவிலிருக்கும் சல்லடை காற்றைக் குடிக்கும். முள் ஒரு கணம் விழுந்து எழும். அந்த ஒரு கணத்தில் கிராங்க் தண்டு நூறு முறை சுழன்றுவிடுகிறது. இதற்காகத் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளும், எண்ணெயை உள்ளே விட்டு வெளியே விடாத சிறு கதவுகளும் வைக்கிறார்கள். பெரிய பந்தய வண்டிகளில் எண்ணெயைத் தனியான உயர்ந்த பாத்திரத்தில் வைத்துக்கொண்டு, அடியில் சேர்வதைத் தனிப் பம்புகளால் இடைவிடாமல் வடித்துவிடுவார்கள். சிலர், எண்ணெயை அளவுக்கு மேல் ஒரு லிட்டர் ஊற்றிவிட்டால் போதுமே என்பார்கள். கிராங்கின் எடைகள் எண்ணெயில் அடித்துத் தயிர் கடைவது போல நுரைத்துவிடும். அதுவும் காற்றைக் குடிப்பதற்குச் சமானமே.

மேலே ஏறிய எண்ணெய் கீழே இறங்குகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். சிலிண்டர் தலையிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் துளைகளில் பழைய கரி அடைத்திருந்தால், உயர்ந்த சுற்றில் எண்ணெயெல்லாம் மாடியிலேயே தேங்கிவிடும், தொட்டி வற்றும். எந்த எண்ணெய் ஊற்றுவது என்று கடைகளில் நடக்கும் வாதங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. தரக்குறியில் 40 என்றால் நூறு பாகை வெப்பத்தில் அதன் குழம்புத்தன்மை ஏறக்குறைய 12.5 முதல் 16.3 வரையிலான அளவு. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. இடைவெளியை அதிகமாக விட்டுக் கட்டிய எஞ்சினுக்குக் குழம்பான எண்ணெய் வேண்டும். நெருக்கமாகக் கட்டியதற்கு அது தீங்கு. நீங்கள் விட்ட இடைவெளியை அளந்து வைத்திருந்தால் விடை நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது.

கடைசியாக, முதல் கிளப்பு. புதிதாகப் பூட்டிய எஞ்சினின் வாய்க்கால்களெல்லாம் வெறும் காற்று. பம்பும் உலர்ந்திருக்கும், உலர்ந்த பற்சக்கரங்களால் இழுக்க இயலாது. கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தானே சுவிட்சைப் போடுகிறோம்? அதனால்தான் பம்பைப் பூட்டும்போதே அதன் பற்களுக்கிடையே வாஸ்லீனை நிரப்புகிறார்கள். அது முதல் உறிஞ்சுதலுக்கு உதவி, பிறகு எண்ணெயில் கரைந்துவிடும். எங்கள் எஞ்சினில் பம்பு கிராங்க் தண்டின் மூக்கிலேயே பூட்டியிருந்தது. ஆகவே பம்பை மட்டும் தனியாகச் சுற்ற வழியில்லை. மிஸ்திரி வேறொரு உபாயம் செய்தார். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் ஒன்றைப் புதிதாக வாங்கிவரச் சொன்னார். மருந்து பட்டது வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். எண்ணெய் டப்பாவை ஒரு பகல் முழுவதும் வெயிலில் வைத்து இளகச் செய்து, தெளிப்பானில் ஊற்றினார். அழுத்தமானி பூட்டும் துளையில் அதன் குழாயை இணைத்தார். ஸ்பார்க் பிளக்குகள் கழற்றியிருந்தன. கேம் தண்டின் மூடியும் கழற்றியிருந்தது.

ஒரு பையன் தெளிப்பானை அடித்தான். மற்றொருவன் கிராங்கை ஸ்பேனரால் மெல்ல மெல்லச் சுற்றினான். எல்லாத் துளைகளும் ஒருமுறையேனும் நேருக்கு நேர் வருவதற்காக. மூன்றாமவன், அன்று ஓடுபாதையில் வண்டியை நிறுத்தியவன், எஞ்சினின் தலைமேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அடித்த பையனுக்குக் கை வலித்தது, ஆள் மாறினோம். நானும் அடித்தேன். உள்ளே எங்கோ தொட்டிக்குள் சொட்டும் ஓசை முதலில் கேட்டது: பேரிங்குகள் நிறைந்து கசியத் தொடங்கிவிட்டன. பிறகு முதல் ராக்கர் நனைந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. கடைசி ராக்கர் மட்டும் நெடுநேரம் உலர்ந்தே நின்றது. மிஸ்திரி பேசாமல் சைகையால் இன்னும் அடிக்கச் சொன்னார். கடைசியில் அதன் சிறு துளையில் ஒரு குமிழி தோன்றி உடைந்தது. அதன் பின்னால் பொன்னிறமாக எண்ணெய் ஊறி வழிந்தது.

“கடைமடைக்கு வந்துருச்சுங்க” என்று சொல்லிவிட்டு, அவர் மூடியை எடுத்துவரச் சொன்னார்.